எங்கள் கம்பெனியின் வெளிநாட்டுக்காரி

1

அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் ராசாத்தி, கோலாலம்பூரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய கம்பெனிக்கு வேலை போய்விட்டது. கவர்மெண்டு கம்ப்யூட்டர் வேலை எதுவும் இனி அவர்களுக்குக் கிடையாதாம். பேருக்கு இங்கே ஒரு மேனேஜர், வாசலில் ஒரு போர்டு, ஆனால் கயிறு எங்கேயோ கடல் தாண்டி ஒருத்தன் கையில். அப்படிப்பட்ட கம்பெனிக்கு அரசாங்கத்து வேலையைத் தரக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதிதானே என்கிறாயா? நானும் அப்படித்தான் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, அந்த விதி எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்து ஒரு வெளிநாட்டுக்காரியைப் பிடித்துவிட்டது. யார் தெரியுமா? நான்! துறையூர்ப் பக்கம் உன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பிறந்த பாக்கியம்!

சிரிக்காதே. இல்லை, சிரி. நானே இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதது உனக்குத் தெரியும். நான் அடுப்படியில் நின்று பேசுகிறேன், என் பேத்தி யாழினி மேஜையில் கைப்பேசியை வைத்து என் குரலைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு அதை அழகாக எழுத்துத் தமிழாக்கி உன் மருமகளுக்கு அனுப்புவாள். உன் மருமகள் உனக்கு வாசித்துக் காட்டுவாள். கூடவே நம் தெருவே உட்கார்ந்து கேட்கும், அதுவும் தெரியும். கேட்கட்டும். நடுநடுவே எண் போடுவது யாழினியின் வேலை. எண் போடாவிட்டால் நான் எங்கே நிறுத்துகிறேன் என்று ஒருத்தருக்கும் புரியாதாம்.

"பாட்டி, பிரேக்கே இல்லாத லோரி மாதிரி போறீங்கலா" என்கிறாள், இந்த ஊர் 'லா'வையும் வாலில் ஒட்டி. போகிறேன், உனக்கென்ன?

இன்றைக்கு எதற்காக இந்தப் பேச்சை எடுத்தேன் என்றால், இன்றைக்கு எங்கள் ஆபீஸ் திறந்த நாள். வருஷா வருஷம் இந்த நாளில் நான்தான் திறப்பேன். வருஷா வருஷம் என்ன, தினம் தினமும் நான்தான். இந்த வருஷம் நான் இல்லை. அதனால் விடிந்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழுவின பாத்திரத்தையே இரண்டாம் தடவை கழுவி வைத்திருக்கிறேன்.

2

ஆபீஸ் மந்தின் டவுனில் இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது தோட்டத்து ஓரத்தில். முன்பு தோட்டம் கட்டின லயத்து வரிசை வீடு, இப்போது கல்வீடு. ரப்பர் மரமெல்லாம் போய் எங்கே பார்த்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் பக்கத்தில் கீழ்த்தளம், முன்னால் இழுத்துத் திறக்கிற இரும்புக் கதவு. என் மகன் சேகர்தான் நடத்துகிறான். உள்ளே தோட்டத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறார்கள்.

என்ன தட்டுகிறார்கள் என்று கேட்பாய். கவர்மெண்டு கிளினிக்குக்குப் போனால் ஒரு நம்பர் சீட்டு வருமில்லையா? மேலே டிவியில் உன் நம்பர் வரும், ஒரு பொம்பளைக் குரல் கூப்பிடும், எந்த அறைக்குப் போகணும் என்று காட்டும். அடுத்து எப்போது வரணும், என்ன மாத்திரை, போன தடவை இனிப்பு நீர், அதான் சர்க்கரை, எவ்வளவு, எல்லாம் அதற்குள்ளே இருக்கும். அதைச் செய்கிறவர்கள் எங்கள் பிள்ளைகள். மம்பாவில் கிளினிக்குக்குப் போனாலும் பகாவில் போனாலும் கூப்பிடுவது எங்கள் பெட்டிதான். நான் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் சொல்லாமல் இருக்க மாட்டேன். "இந்தக் குரலு நம்ம பேத்திக்குத் தெரிஞ்ச பொண்ணோடதுதான்" என்பேன். யாழினி கூட வந்தால் முகத்தை மூடிக்கொள்வாள்.

ஆனால் அந்த விதி வரும்வரை கவர்மெண்டு அந்த வேலையை நேராக அவர்களிடம் கொடுக்கவில்லை. அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக் கம்பெனி எடுத்து, அதில் கை வலிக்கிற வேலையை மட்டும் எங்களுக்குத் தள்ளிவிடும். காண்டிராக்டுக்குக் கீழே காண்டிராக்டு. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லியா கொடுக்கணும்?

கம்பெனி தொடங்கும்போது சேகர் ஒரு காரியம் செய்தான். என் கை ராசி என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு. அவன் அப்பா முதல் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது நான்தான் சாவி போட்டேன், கடைசி வரைக்கும் அது ரிப்பேர் ஆகவில்லை. அது மோட்டாருடைய நல்ல குணமா என் கையா, யாருக்குத் தெரியும்? சேகர் கம்ப்யூட்டர் படித்தவன்தான், ஆனால் என் கை விஷயத்தில் மட்டும் அவன் அப்பத்தாவை விட மோசம்.

"பாதிக்கு மேல உங்க பேர்ல இருக்கட்டும்மா. உங்க கைராசி கம்பெனிக்கு வேணும்."

"எனக்கு என்னடா தெரியும் கம்பெனி?"

"ஒண்ணும் தெரிய வேணாம். கையை மட்டும் குடுங்க."

கட்டை விரலை வைத்தேன். அதோடு நிற்கவில்லை. கதவுச் சாவியும் என்னிடம்தான். காலையில் நான் போய்ப் பூட்டைத் திறந்து கதவைத் தூக்கின பிறகுதான் மற்றவர்கள் உள்ளே கால் வைக்கணும். சேகருக்கு ஜுரம் வந்தாலும் ஆபீஸ் திறக்கும், எனக்கு ஜுரம் வந்தால் திறக்காது. ஒரு தரம் ஜுரத்தோடேயே என்னைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான், பாவி.

சாவி இடுப்பில் இருக்கிறவளிடம்தானே எல்லாரும் பேசுவார்கள்? லீவு வேண்டுமென்றால் என்னிடம் வந்து நிற்பார்கள். வேலை வேண்டுமென்று வருகிற பிள்ளையிடம் "யாரு வீட்டுப் புள்ள நீ, சாப்பிட்டியா" என்று நான்தான் கேட்பேன். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். "எடுத்துக்கடா" என்றால் சேகர் எடுத்துக்கொள்வான். மத்தியானச் சோறு நம் வீட்டிலிருந்து. வெளிச்சோறு தின்றால் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தூங்கிவிழுகின்றன.

3

இப்போது அந்த விதிக்கு வருகிறேன். வராமல் எங்கே போவேன்?

பெரிய கம்பெனியைத் தள்ளிவிட்டார்கள், கிளினிக் வேலையை நேராக எங்கள் மாதிரி உள்ளூர் ஆட்களுக்கே தரப் போகிறார்கள் என்று சேதி வந்த அன்றைக்கு சேகருக்குத் தரையில் கால் பாவவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் பிரசங்கமே செய்தான்.

"ஊர் ஜனத்தோட நோயெல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள இருக்கும்மா. அதோட கயிறு வெளிநாட்டுக்காரன் கையில இருக்கலாமா? நாளைக்கு அவன் ஒரு பட்டனைத் தட்டி நிறுத்துனா, நம்ம கிளினிக்கே நிக்கும்லா."

சரியாகத்தான் சொல்கிறான் என்று எனக்குப் பட்டது. நான் பால்மரம் வெட்டின காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். மருந்து கொடுப்பார், கட்டுப் போடுவார், நல்ல மனுஷன்தான். ஆனால் சம்பளம் கொடுப்பது தோட்டம். யாருக்கு இருமல், யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது, எல்லாம் ஆபீசுக்குப் போய்விடும். எனக்கு அடுத்த நிரையில், அதாவது மர வரிசையில், வெட்டின அஞ்சலைக்கு மூச்சிரைப்பு. டிரஸ்ஸரிடம் மட்டும் சொன்னாள். அடுத்த நாள் காலைப் பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிடும்போது அவளுக்கு நிரை இல்லை, புல் வெட்டப் போ என்று எங்களை மேய்க்கிற மண்டோர் சொன்னார். அதிலிருந்து எங்களில் ஒருத்தரும் டிரஸ்ஸரிடம் நிஜமான நோயைச் சொன்னதில்லை. காலில் முள் குத்தினது என்று மட்டும் சொல்வோம்.

தோட்டத்தை விற்றபோதும் அப்படித்தான். எங்களுக்கு யமன் மாதிரி இருந்த மேனேஜர் துரையே லயத்து வாசலில் வந்து நின்றார், தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு. "எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றார். அவ்வளவு நாளும் அவர்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் முகத்தையே பார்க்காத யாரோ ஒருத்தன், எங்கோ ஒரு குளிர் தேசத்தில் உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கிறான். ஆகவே, தூரத்தில் இருக்கிறவன் கையில் கயிறு இருக்கக் கூடாது என்றால் இரண்டு கையையும் தூக்கி ஆமாம் என்பவள் நான்.

ஆமாம் என்று சொன்னேன். நாலு நாள் கழித்து சேகர் முகம் வெளுத்துப் போய் வந்தான். பதிந்துகொள்ளப் போன இடத்தில் பங்குக்காரர்கள் எல்லாருடைய ஐசியும், அதுதான் அடையாள அட்டை, கேட்டிருக்கிறார்கள். எல்லாருடையதும் நீலம். என்னுடையது சிவப்பு.

இந்தச் சிவப்பைப் பற்றி உனக்குச் சொல்லணும். இங்கே பிறந்தவர்களுக்கும் பிரஜை ஆனவர்களுக்கும் நீல ஐசி. கடைசி வரைக்கும் இங்கே இருக்கலாம், ஆனால் நீ இந்த நாட்டு ஆள் இல்லை என்கிறவர்களுக்குச் சிவப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் அதுதான். பிரஜையாக எழுதிப் போடாமல் இல்லை. ஒரு தரம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். நான் பாசாரில் மீன் வாங்குகிற மலாயில் விளாசினேன். மாமன்னர் பேர் என்ன என்று கேட்டார்கள். சட்டென்று சொன்னேன். கேள்வி கேட்ட அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இங்கே சுல்தான்கள் முறை வைத்து மாமன்னர் ஆவார்கள், ராசாத்தி. நான் சொன்னது முறை முடிந்து ஊருக்குப் போனவர் பேர். போனவரை நான் மறக்கவில்லை என்றால் அது ஒரு தப்பா? திரும்ப எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் வரும் என்கிறார்கள்.

இப்படியாக, பாதிக்கு மேல் பங்கு சிவப்பு ஐசிக்காரி பேரில். ஆகவே எங்கள் கம்பெனி வெளிநாட்டார் கையில் இருக்கிற கம்பெனி. அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்காரனும் நானும் ஒரே வரிசை!

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சேகர் கத்தினான்.

"சிரிக்காதீங்கம்மா! இந்த வேலை கிடைக்கலன்னா நாம அவ்வளவுதான். பெரிய கம்பெனி போயிருச்சி, இனிமே கீழ்க்காண்டிராக்டும் கிடையாது. ஆபீஸை மூட வேண்டியதுதான்."

மூடினால் பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூருக்கு பஸ் ஏறும். முதலில் ஏறுவது யாழினி. ஏற்கெனவே ஒரு கால் அங்கேதான் வைத்திருக்கிறாள். இப்போது முறைக்கிறாள் பார், நான் சொல்வது பொய் என்றால் எழுதாமல் விட்டுவிடட்டுமே. அவள் கூட்டாளிகள் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். தீபாவளிக்கு வருகிறார்கள், என்னிடம் இங்கிலீஷில் நலம் கேட்கிறார்கள், நான் தலையை ஆட்டுகிறேன். இவளும் அப்படி வந்து நின்றால் நான் எந்தப் பாஷையில் திட்டுவேன்?

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

4

வழி இருந்தது. என் பங்கை மருமகள் கலா பேருக்கு மாற்றிவிட வேண்டியது. அவள் இங்கே பக்கத்திலேயே சிலியாவில் பிறந்தவள், ஐசி நீலத்திலும் நீலம். ஆபீஸில் சம்பளம், பில் எல்லாம் பார்க்கிறவளும் அவள்தான். திரும்பவும் கட்டை விரல் வைத்தேன். விரல் வைத்தபோது கலா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க. பேருக்குத்தான். எல்லாம் எப்பயும் போல நீங்கதான்."

"பேருக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? நீ என்ன, சாவியா கேட்ட?" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம்.

பேருக்குத்தான் என்பதை எங்கள் காகிதத்தைப் பார்க்கிற கவர்மெண்டு ஆபீசரம்மாவும் யோசித்திருப்பாள் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

பேர் மாறினது நிஜமாகவே மாறினதுதானா என்று ஆபீசுக்கே வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். முந்தின நாள் சேகர் எனக்குப் பாடம் நடத்தினான்.

"நாளைக்கு நீங்க ஆபீஸ் பக்கமே வரக் கூடாது. வீட்டுலயே இருங்க. சாப்பாடும் வேணாம்."

"புள்ளைங்க பசிக்குமேடா."

"ஒரு நாளைக்கு ரொட்டி சானாய் தின்னட்டும்!"

சரி என்றேன். அவனும் கலாவும் விடியும்போதே ஏதோ முத்திரை வைத்த காகிதம் வாங்க சிரம்பானுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் சொன்ன பேச்சுக் கேட்கிறவளாக வீட்டிலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் போன் அடித்தது. ஐனா.

ஐனா யார் என்றால், தோட்டத்து லோரி ஓட்டினவர் மகள். மலாய்க்காரப் பெண்தான், ஆனால் எங்கள் லயத்துப் பிள்ளைகளோடு மண்ணில் விளையாடி வளர்ந்ததால் தமிழ் நம்மை மாதிரியே பேசும். ஆபீசுக்கு எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்பவள்.

"பாட்டி, எங்க இருக்கீங்க? நாங்க எல்லாரும் வெளிய நிக்கிறோம். அந்த ஆபீசர் அம்மா நேரத்தோட வந்துட்டாங்க. மழை வேற!"

"அதுக்கு நான் என்னடி செய்ய? என்னை வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"பாட்டி… சாவி."

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்து பேசிப் பேசி எல்லாவற்றையும் மாற்றினோமே ராசாத்தி, இது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அது என் உடம்பில் ஒரு உறுப்பு மாதிரி இருந்திருக்கிறது, யாருக்கு ஞாபகம் வரும்?

அதற்குள் யாழினி ஆபீஸ் வாசலிலிருந்து மோட்டாரில் பறந்து வந்துவிட்டாள்.

"ஏறுங்க பாட்டி, சீக்கிரம்!"

"சேலை மாத்திக்கிறேன்டி."

"கல்யாணத்துக்கா போறோம்? ஏறுங்க!"

ஏறினேன். ஏறும்போது அடுக்கு டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டேன். முந்தின நாள் புளிக்குழம்பு, வீணாகப் போவானேன்?

5

ஹார்ட்வேர் கடைத் தாழ்வாரத்தில் எல்லாரும் ஒண்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் அந்த அம்மா, தலையில் நீலத் துணி, கையில் குடை. என் மகள் என்று ஒருத்தி இருந்தால் அந்த வயசு இருக்கும். நான் மோட்டாரை விட்டு இறங்கினதும் என் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லாரும் ஒன்றாக விலகி எனக்கு வழி விட்டார்கள். தினமும் விடுகிற மாதிரியே. அந்த ஒன்றே போதாதா?

பூட்டைத் திறந்தேன். கதவைத் தொட்டுக் கும்பிட்டேன். பழக்கம், கையை நிறுத்த முடியவில்லை. தூக்கினேன். நான் முதலில் உள்ளே போனேன், அப்புறம் பிள்ளைகள். அந்த அம்மா கடைசியாக வந்தாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே.

அவள் ஐனாவிடம் மலாயில் கேட்டாள், இவர் யார் என்று. ஐனாவுக்குப் பொய் வராது. பாட்டி என்றாள். தினமும் இவர்தான் திறப்பார் என்றாள். உன்னை வேலைக்கு எடுத்தது யார்? ஐனா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "பாட்டிதான்" என்றாள். இன்னொரு பையனிடம் லீவு யாரிடம் கேட்பாய் என்று கேட்டாள் ஆபீசரம்மா. அவன் ஐனாவைவிடப் புத்திசாலி. "முதலாளிகிட்டதான் மேடம்" என்று ஆரம்பித்தான், "பாட்டி சரின்னு சொன்ன பிறகு" என்று முடித்தான்.

அப்போதுதான் சேகரும் கலாவும் நனைந்துகொண்டு ஓடி வந்தார்கள். என்னைப் பார்த்ததும் சேகர் கையிலிருந்த காகித உறை கீழே விழுந்தது.

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ரெண்டு பேசியிருப்பேன். நாற்காலியை இழுத்து என்னைத்தான் முதலில் உட்கார வைத்தாள். அவள் பேசினது மலாய், எனக்குப் பாசார் மலாய் போதுமானதாக இருந்தது. அவள் சொன்னதை நம் தமிழில் சொன்னால் இப்படி, மாச்சிக் என்றால் பெரியம்மா மாதிரி:

"மாச்சிக், காகிதத்துல பேரு மாறியிருக்கு. சாவி மாறலையே."

"சாவி சும்மா ராசிக்கும்மா" என்றேன்.

"எங்களுக்குப் பேரு முக்கியமில்ல. சொல்றது யாரு, கேக்கறது யாருன்னுதான் பாக்கணும். இங்க எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க."

சேகர் மலாய் மரியாதையோடு குறுக்கே வந்தான். "புவான், எங்கம்மா ரொம்ப காலமா இங்கதான் இருக்காங்க. எழுதப் படிக்கக்கூடத் தெரியாது. அவங்க எப்படி வெளிநாட்டுக் கட்டுப்பாடு ஆவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "எழுதத் தெரியாட்டி எனக்குச் சொல்லத் தெரியாதா?" என்று அவனிடம் தமிழில் எகிறினேன். நல்லவேளை, அவளுக்குப் புரியவில்லை. ஐனாவுக்குப் புரிந்து சிரித்துவிட்டாள்.

ஆனால் உட்கார்ந்து யோசித்தேன் ராசாத்தி. நான் தூரத்தில் இருக்கிறவள் இல்லை. இந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் மூக்கு ஒழுகினதைக்கூடப் பார்த்தவள். அந்தக் குளிர் தேசத்து ஆளும் நானும் ஒன்றா என்று கேட்க வாய் வரை வந்தது. பிறகு தோன்றியது, இந்த அம்மாவுக்கு என் கதையும் தெரியாது, என் மனசும் தெரியாது. ஐசி ஒன்றுதான் தெரியும். நல்லவளாக இருந்தால் விடலாம் என்று ஆரம்பித்தால் அந்த டிரஸ்ஸர்கூட நல்லவர்தானே? கயிறு யார் கையில் என்று பார்க்கச் சொல்லி நானே கை தூக்கினேன். பார்க்கிறாள். என் கையில் இருக்கிறது.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். சேகர் கையை நீட்டினான். கலாவும் பக்கத்தில் வந்து நின்றாள். நான் எழுந்து போய் ஐனா கையில் வைத்தேன்.

"அம்மா! ராசி!" என்றான் சேகர். கம்ப்யூட்டர் படித்தவன்!

"ராசியாவது மண்ணாவது. மொதல்ல வர்றவ தொறக்கட்டும். மழையில நிக்குதுங்க புள்ளைங்க."

ஐனா அந்தச் சாவியைச் சுடுகிற பணியாரம் மாதிரி இந்தக் கையும் அந்தக் கையுமாக வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "இனிமே லீவுன்னு எவனாச்சும் என்கிட்ட வந்தா செருப்பால அடிப்பேன். கலா அக்காகிட்ட கேளுங்க. ஆளு எடுக்கிறதும் அவங்கதான்."

ஆபீசரம்மா அதை யாழினியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். செருப்பை யாழினி மொழிபெயர்த்தாளா தெரியவில்லை.

கிளம்பும்போது நான் ஒன்று கேட்டேன். "மத்தியானச் சோறு கொண்டாந்து குடுக்கலாமா? அதும் கட்டுப்பாடா?"

அவள் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். "சோறு குடுக்கலாம் மாச்சிக். சோத்துக்கு விதி இல்ல."

"அப்ப நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் போ. புளிக்குழம்பு."

"எனக்குத்தான் விதி இருக்கு. வேலை விஷயமா வந்த எடத்துல சாப்பிடக் கூடாது" என்றாள். ஆனால் டப்பாவைத் திறந்தபோது மூக்கை இழுத்ததை நான் பார்த்தேன்.

6

வேலை கிடைத்துவிட்டது. நேராகவே. சேதி வந்த அன்றைக்கு சேகர் என்னைத் தூக்கிச் சுற்றினான், இடுப்புப் பிடித்துக்கொண்டது. யாழினி சிங்கப்பூரிலிருந்து ஒரு காலை எடுத்து இந்தப் பக்கம் வைத்திருக்கிறாள். "பார்ப்போம் பாட்டி" என்கிறாள். பார்ப்போம் என்பதே எனக்குப் போதும்.

எனக்குச் சந்தோஷம்தான் ராசாத்தி. சந்தோஷம் இல்லாமல் என்ன? ஆனால் காலையில் இந்த நேரம் வந்தால் கை தானாக இடுப்புக்குப் போகிறது. கோழிக்கு இரை போடுகிறேன், துணி காயப்போடுகிறேன், வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன். "பாட்டி, ஒரு எடத்துல உக்காருங்கலா, குரல் சரியா விழல" என்று இவள் கத்துகிறாள். உட்கார்ந்தால் மழை வருமா என்று பார்க்கிறேன், மழை வந்தால் பிள்ளைகள் நனையுமே என்று எழுந்திருக்கிறேன். நனையாது. சாவி ஐனாவிடம் இருக்கிறது.

அந்த ஐனா ஒரு காரியம் செய்கிறது. இவன் சேகருக்குத் தெரியாது. தினமும் காலையில் கதவு முன்னால் நின்றுகொண்டு எனக்குப் போன் போடும். "பாட்டி, தொறக்கட்டுமா?" "தொற." அவ்வளவுதான், வைத்துவிடும். ராசிக்குக் கேட்கிறாளா, எனக்காகக் கேட்கிறாளா, நான் கேட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் விடிந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன், யாழினியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். புருவத்தைத் தூக்குகிறாள் பார்.

தூக்க வேண்டாம்டி. எனக்கே தெரிகிறது. பேர் கலா, சாவி ஐனா, சொல்லு மட்டும் இன்னும் நான். ஆபீசரம்மா வந்து பார்க்க மாட்டாள் என்பதற்காக அது இல்லையென்று ஆகிவிடுமா?

இன்றைக்குத் திறந்த நாள் என்று பாயசத்துக்குப் பால் வைத்திருக்கிறேன். மத்தியானம் விருந்தாளியாக வாங்க என்று சேகர் சொல்லியிருக்கிறான். விருந்தாளி! நான் திறந்த கதவுக்கு நானே விருந்தாளி. போவேன். நல்ல சேலை கட்டிக்கொண்டே போவேன், அன்றைக்குக் கட்ட விடவில்லையே. தட்டோடு தட்டாக உட்கார்ந்து…

அதோ. என் போன் அடிக்கிறது. கேட்கிறதா? ஐனாதான். அங்கே கதவு முன்னால் நிற்கிறாள்.

யாழினி, வேணாம், எடுக்காத. அடிக்கட்டும். அடிச்சி அடிச்சிப் பாத்துட்டு அவளே தொறப்பா. தொறக்கத் தெரியாதவகிட்டயா சாவியைக் குடுத்தேன்? கிட்டப் போவாதன்னு சொல்றேன்ல. ஐயோ, பால் பொங்கி வழியுது பாரு, அந்தக் கரித்துணி எங்க, தள்ளுடி.